பாதி வழி அத்தை

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் சங்கடம். இருபது வருஷத்துக்கும் மேலாகப் பேசிக்கொள்ளாத அக்காவும் தங்கையும் சந்திப்பதற்கு நான் ஓர் இடம் குறித்துக் கொடுத்தேன். அந்த இடம் தண்ணீருக்குள் இருந்தது.

வாய்க்கு வந்தபடி குறிக்கவில்லை. போனில் படம் பார்த்துத்தான் குறித்தேன். வானத்திலிருந்து எடுத்த படம். நடுவில் வெள்ளை வெளேரென்று மணல். விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. நான் திருத்தணியில் இருப்பவன். எங்கள் பக்கத்தில் ஏரியில் தண்ணீர் இல்லையென்றால் இல்லைதான். மழை வரும்வரை அதில் கிரிக்கெட் ஆடலாம், மாடு கட்டலாம், கட்சிக்கூட்டம் போடலாம். காலையில் இல்லாத தண்ணீர் மத்தியானம் வந்து நிற்கும் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. போதாததற்கு, நான் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகலில் இருப்பது அசலிலும் இருக்கும் என்பது எனக்குத் தொழில் நம்பிக்கை.

அந்த அக்கா, என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இப்போது அவர் உயிரோடு இல்லை. அவரை நினைத்தால் முகத்தைவிட முதலில் அவர் நிற்கிற விதம்தான் ஞாபகம் வருகிறது. எங்கேயோ போகப் புறப்பட்டு, பாதியில் நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எதிராளி வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அத்தை யாரிடமும் முழுத் தூரம் போகமாட்டார். போகாமலும் இருக்கமாட்டார். பாதி வழி போவார். மீதியை எதிராளி வரவேண்டும்.

எதிர்வீட்டுக்குக் கருவாட்டுக் குழம்பு கொடுப்பதென்றால் கிண்ணத்தோடு தெரு நடுவில் போய் நிற்பார். எதிர்வீட்டம்மாள் தன் வாசலிலிருந்து இறங்கி வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பதும் அதே நடுத்தெருவில்தான். ஒருமுறை ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையை நீட்டினார்.

“இன்னாம்மா, நடு ரோட்டுல ஓட்டலு வெச்சிகினு கீறீங்க?”

“சுத்திகினு போப்பா. கொழம்பு சிந்திச்சுன்னா நீயா குடுப்ப?” என்றார் அத்தை, திரும்பிப் பார்க்காமலே.

என் கல்யாணப் பேச்சு நடந்தது கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில். நாங்கள் அப்போது திருவள்ளூரில் இருந்தோம், அத்தை வீடு திருத்தணியில். பையன் வீட்டார் பெண் பார்க்க வருவதுதானே வழக்கம், வருகிறோம் என்று என் அப்பா சொல்லியனுப்பினார். அத்தையிடமிருந்து பதில் வந்தது: “எதுக்கு அவ்ளோ தூரம். சத்திரத்துக்கு வாங்க, நாங்களும் வர்றோம். ஆளுக்குப் பாதி.” என் மனைவியை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு டீக்கடையில், வாழைத்தாருக்கும் பிஸ்கட் பாட்டிலுக்கும் நடுவே. பஜ்ஜி வந்தது. ஒவ்வொரு திருப்பதி பஸ்ஸும் வந்து நின்று எங்கள் எல்லார் மேலும் புழுதியைப் போட்டுவிட்டுப் போயிற்று.

“சம்பந்தி, வீடு வாசல் பாக்க வேணாமா?” என்றார் அப்பா.

“வீடு எங்க போவப்போவுது? ஆளப் பாருங்க,” என்றார் அத்தை.

ஆளைப் பார்த்தார்கள். தலையில் எண்ணெயும் எண்ணெய்மேல் புழுதியுமாக நான் உட்கார்ந்திருந்தேன். என்னை எதற்கு ஒத்துக்கொண்டாய் என்று மனைவியை ஒருநாள் கேட்டேன். “பாவமா இருந்திச்சி,” என்றாள். அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை.

பிறகு திருத்தணிக்கே கடை வைக்க வந்து, அத்தை வீட்டுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தோம். ஒருதரம் உறவுக்காரர்கள் நடுவில் மனைவியின் சாம்பாரைப் பற்றி நகைச்சுவையாக ஒன்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் கூப்பிடப் போகவில்லை, அவளும் வரவில்லை. சில நாள் கழித்து அத்தை போன் செய்தார்.

“மாப்ள, உங்க வூட்டம்மாவ மார்க்கெட் முனை வரைக்கும் இட்டாந்து உட்டுட்டேன். இனிமே உங்க பாதி.”

போனேன். பூக்கடைப் பக்கத்தில் மனைவி நின்றிருந்தாள். அத்தை ஏற்கெனவே திரும்பி நடந்துகொண்டிருந்தார். சமாதானம் ஆனதா இல்லையா என்று பார்ப்பது அவர் பாதியில் சேராது. அன்றைக்கு நான் தோற்றுப்போனதாக எனக்குத் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. இந்தப் பழக்கத்தில் ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது என்று அன்றிரவு எனக்கு அத்தைமேல் மரியாதையே வந்துவிட்டது.

ஒருநாள் நேராகவே கேட்டேன்: “ஏன் அத்தை, கூட ரெண்டு அடி வெச்சா இன்னா?”

“முழுசாப் போறவ இளிச்சவாயி. போவாமலே கீறவ திமிரு புடிச்சவ. நானு ரெண்டும் இல்ல மாப்ள.”

இந்தக் கணக்கை அவர் முருகனிடமும் வைத்திருந்தார் என்பதுதான் ஊரில் பேச்சு. கிருத்திகைக்குக் கிருத்திகை மலைப்படி ஏறுவார். பாதிப் படியில் ஒரு மண்டபம். அங்கே நின்று கற்பூரத்தைக் கொளுத்தி, மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார். காவடி தூக்கினவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு மேலே போவார்கள். முட்டி வலியா அத்தை என்று கேட்டேன்.

“முட்டி நல்லாத்தான் கீது. நானு பாதி ஏறிட்டேன் இல்ல. மீதிய அவரு எறங்கி வரட்டும்.”

“வந்தாரா?”

“நானு கீழ எறங்கினப்பறம் வந்தாரோ இன்னாவோ. யாரு பாத்தா?”

இதுவரை சொன்னதற்கு நீங்கள் சிரித்திருந்தால் சந்தோஷம். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அத்தையின் அம்மா இறந்துபோகிற வரைக்கும்.

அத்தைக்கு ஒரே தங்கை. நாங்கள் சின்னத்தை என்போம். திருத்தணி கரண்ட் ஆபீசில் வேலை பார்த்த ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர். மாப்பிள்ளை வீடு பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பம், கிறிஸ்தவக் குடும்பம். சண்டை வந்தது அதனால் இல்லை. அத்தைக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்தே இருந்தது. கல்யாணம் சர்ச்சில். அத்தை சீர்த்தட்டோடு சர்ச் கேட் வரைக்கும் போய் நின்றுவிட்டார், தங்கை வந்து உள்ளே கூப்பிடுவாள் என்று. தங்கை உள்ளே பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்தபடி, அக்கா தானாக வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே அச்சு. பூசை முடிந்து, பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கார் வேறு கேட் வழியாகப் போய்விட்டது. அத்தை தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவ்வளவுதான் சண்டை.

அம்மா இறந்த அன்றைக்குச் சின்னத்தை குப்பத்திலிருந்து வந்தார். தெருமுனை வரைக்கும் வந்தார். அங்கே நின்றார். யாரோ ஓடிவந்து சொன்னதும் அத்தை எழுந்து போனார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாதித் தெருவில் அவரும் நின்றார்.

நான் அத்தை வீட்டு வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் நகரவில்லை. பெரியவர்கள் போய்ச் சொன்னார்கள், என் மனைவி போய் இழுத்தாள். மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் நேரமாகிறது என்று தூக்கிவிட்டார்கள். பாடை அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த சந்து வழியாகச் சுடுகாட்டுக்குத் திரும்பியது. சின்னத்தை அங்கிருந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்கு நடுத்தெருக் குழம்பு அவ்வளவாகச் சிரிப்பு மூட்டவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சின்னத்தை என் மனைவிக்குப் போன் செய்தார். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. பையனுக்கு அந்தமானில் வேலை. அம்மாவையும் கப்பலில் ஏற்றி அழைத்துப் போகிறான். முட்டி தேய்ந்து, ஒரு கால் மடங்குவதில்லை. இனி திரும்பி வருவது நடக்காது. “அக்காவ ஒருதரம் பாக்கணும். எனுக்கு எவ்ளோ தூரம் நடக்க முடியுமோ அவ்ளோ தூரம் நானு வர்றேன்னு சொல்லு.”

அத்தையிடம் சொன்னோம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். அப்புறம், “ஆங், போவலாம்,” என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. “குப்பம் எங்க கீதுன்னு தெரியுமா அத்தை? மாவட்டத்துக்கு அந்தக் கோடி. மலை இங்க, கடலு அங்க. அவ்ளோ தூரம் போறது பாதியில சேருமா?”

“பஸ்ஸு காரெல்லாம் கணக்குல வராது மாப்ள. அது போவுது, நானு உக்காந்துகினு கீறேன். எறங்கி நடக்கறோம் பாருங்க, அங்கேர்ந்துதான் வழி.”

தனக்குத்தானே அவர் கொடுத்துக்கொண்ட அந்தச் சலுகையை நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். அப்படியானால் கார் நிற்கிற இடத்திலிருந்து சின்னத்தை வீடு வரைக்கும் எவ்வளவு, அதில் பாதி எங்கே என்று போனில் பார்த்தேன். நடுவில் ஒரு கழி ஓடியது. அதன் நடுவில் அந்த வெள்ளை மணல். இரண்டு பேருக்கும் ஓரடி கூடக் குறைய இல்லாமல் சரி பாதி. சின்னத்தைக்குப் போன் போட்டு இடத்தைச் சொன்னேன்.

“அங்கியா?” என்றார். பிறகு யோசித்து, “வரலாம். காலையிலயே வந்துடுங்க தம்பி. அன்னிக்கு வெயிலு ஏறச்சொல்லோ தண்ணியும் ஏறும்,” என்றார்.

எங்கள் ஊரில் தண்ணீர் ஏறுவதென்றால், மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏறுவது.

அத்தை கேட்டார்: “இன்னா சொல்றா?”

“காலையில வரச் சொல்றாங்க. அப்பால தண்ணி ஏத்துவாங்களாம்.”

“அங்கயும் கரண்டு பிரச்சன போல,” என்றார் அத்தை.

தெரிந்தவர் ஒருவரின் காரை வாங்கி நானே ஓட்டினேன். பொன்னேரியில் பொங்கல் வடை சாப்பிட்டேன். பொங்கலுக்குப் பிறகு காபி இல்லாமல் எப்படி என்று காபிக்கு ஒருதரம் நிறுத்தினேன். அத்தை எதுவும் சாப்பிடவில்லை. மடியில் ஒரு துணிப்பை. அதில் அவித்த வேர்க்கடலை. சின்னத்தைக்குச் சின்ன வயதில் பிடிக்குமாம். அது ஆறிவிடாமல் துண்டு சுற்றி வைத்திருந்தார். வழி தவறி, தார் ரோடு முடிந்து மணலில் போய் நின்றபோது வெயில் நன்றாகவே ஏறியிருந்தது.

இறங்கியதும் எதிரில் கடல். அத்தை அதற்கு முன்னால் கடலைப் பார்த்ததில்லை. ஈர மணலுக்கு ஓரமாக, காய்ந்த மணலிலேயே நின்றுகொண்டார்.

“கால நனைச்சிக்குங்க அத்தை.”

“அது வரட்டும்.”

அலைகள் வந்தன. ஒன்று முன்னால், ஒன்று பின்னால், எதுவும் அவர் காலைத் தொடவில்லை. நான் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் குதித்து, வழுக்கி உட்கார்ந்து எழுந்தேன். கடைசியில் ஒரு அலை கொஞ்சம் எட்டி வந்து அவர் விரல்களை நனைத்துவிட்டுத் திரும்பியது. தலையை ஆட்டிக்கொண்டார். “நல்ல பழக்கம்தான்,” என்றார்.

கடற்கரையோடு நடந்தோம். சிவப்பு நண்டுகள் எங்களைப் பார்த்ததும் வளைக்குள் போய், நாங்கள் தாண்டியதும் வெளியே வந்தன. வலை காயப்போட்டிருந்த படகுகள், காய்கிற மீன், சவுக்குத் தோப்பின் இரைச்சல். பிறகு மணல் மடங்கி உள்பக்கம் திரும்பியது. கடல் அங்கே வாய் திறந்து நிலத்துக்குள் போயிருந்தது. அதுதான் கழி. அகலமாக, அசையாதது போலக் கிடந்தது. அதன் கரையோடு உள்ளே நடந்தோம். கால் வைத்த இடமெல்லாம் கிளிஞ்சல் நொறுங்கியது. சேற்றிலிருந்து விரல் விரலாக வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நாற்றம் முதலில் மூக்கைப் பிடிக்க வைத்தது, கொஞ்சம் போனதும் பழகிவிட்டது. சேற்றில் ஒரு மீன் இரண்டு துடுப்பையும் ஊன்றித் தத்தித் தத்திப் போனது. அத்தை குனிந்து வெகுநேரம் அதைப் பார்த்தார்.

“இது மீனா, ஓணானா?”

“மீனுதான் அத்தை. நடக்குற மீனு.”

“எதுல சேரணும்னு முடிவு பண்ணல போல,” என்றார்.

கழியைத் தாண்டி, தூரத்தில் குப்பத்தின் சர்ச் சிலுவை தெரிந்தது. படகுக்காரர் ஒருவர் ஏறச் சொன்னார். படகு பாதியில் நிற்காது என்று அத்தை மறுத்துவிட்டார். அந்த நேரத்தில் நடந்தே போகலாம் போலத்தான் இருந்தது. தண்ணீர் கணுக்கால் அளவு, நடுவே நடுவே மணல் திட்டுகள். கோயில் வாசலில் விடுகிற மாதிரி எங்கள் செருப்புகளைத் தண்ணீர் ஓரத்திலேயே ஜோடியாக விட்டுவிட்டு இறங்கினோம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கழுத்தில் பனையோலைப் பறியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எங்களை ஏறிட்டுப் பார்த்தார். “சீக்கிரமா போயிட்டு வந்துடுங்க,” என்றார். நான் அவருக்கு வணக்கம் சொன்னேன்.

என் வெள்ளை மணல் அப்படியேதான் இருந்தது. ஆனால் அது ஒரே திட்டு இல்லை, இரண்டு. நடுவில் ஒரு வாய்க்கால் போலத் தண்ணீர் ஓடியது. எதிர்த் திட்டில் சின்னத்தை நின்றிருந்தார். வெகுநேரமாக நின்றிருக்க வேண்டும், ஊன்றியிருந்த கோல் மணலில் இறங்கியிருந்தது. அத்தையைவிட உயரமாக இருந்தவர் குனிந்து சரிசமமாகியிருந்தார்.

“வந்துட்டியா,” என்றார் சின்னத்தை.

“வந்துட்டேன். இன்னா அங்கயே நின்னுகினு கீற?”

“இதான் பாதி. உன் மருமவன்தான் சொன்னாரு.”

“பாதி இங்க கீது. நானு நிக்கற எடம்.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் போனைப் பார்த்தேன். சரியாக வாய்க்காலுக்கு நடுவில் காட்டியது. அதைச் சொல்லவும் சொன்னேன். சொன்ன மாத்திரத்தில், சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது. இரண்டு பேரும் வாய்க்காலைப் பார்த்தார்கள், யாரும் இறங்கவில்லை.

“சர்ச்சு வாசல்ல தட்டு வெச்சிகினு நின்னேன். வந்து கூப்ட்டியா?” என்று அத்தை ஆரம்பித்தார்.

“பொண்ணா உக்கார வெச்சிருந்தாங்க. எழுந்து வந்தா இன்னா நெனைப்பாங்க? நீ உள்ள வந்தா இன்னா?”

“கூப்டாத எடத்துக்கு எப்டி வர்றது?”

“பத்திரிக குடுத்தேனே.”

“பேப்பரு வந்து கையப் புடிச்சி கூப்டுமா?”

இது சிரிப்பாகத்தான் இருந்தது. தண்ணீருக்கு நடுவில் வெயிலில் நின்று, கை நீட்டி நீட்டி இரண்டு கிழவிகள். பறி கட்டின அம்மாள்கூடத் துழாவுவதை நிறுத்திவிட்டார். அப்போது சின்னத்தை குரலை இறக்கினார்.

“அம்மா மூஞ்ச நானு பாக்கல.”

அத்தை துணிப்பையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார்.

“நீ இன்னும் நாலு அடி வந்திருந்தா பாத்திருப்பேன்.”

“நீ நாலு அடி வந்திருந்தா நானு கையப் புடிச்சி இட்டுகினு போயிருப்பேன்,” என்றார் அத்தை. அவர் குரலும் இறங்கியிருந்தது.

நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தண்ணீரைப் பார்த்தேன். வாய்க்காலில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர் கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. மெதுவாகப் போனது, இன்னும் மெதுவாக, பிறகு நின்றது. நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம் நிதானமாகத் திரும்பி, வந்த வழியே உள்பக்கம் வர ஆரம்பித்தது. தண்ணீர் பின்னால் போகிறதே என்று நான் வேடிக்கை பார்த்தேன். நின்றிருந்த மணல் ஈரமாகி, என் குதிகாலைத் தண்ணீர் தொட்டபோதுதான் சின்னத்தை சொன்ன ‘ஏறும்’ எனக்குப் புரிந்தது.

“அக்கா, தண்ணி ஏறுது. நீ போ,” என்றார் சின்னத்தை.

“நீ போ மொதல்ல.”

“எனுக்கு மெதுவாத்தான் போவ முடியும். நானு பாத்துக்கறேன். நீ திரும்பு.”

சொல்லிவிட்டுக் கோலைப் பிடுங்கப் பார்த்தார். அது வரவில்லை. மடங்காத காலை எடுத்து வைத்தார். மணல் இளகி, கால் புதைந்தது. எங்கள் திட்டைவிட அவருடையது தாழ்வு. அதன் ஓரங்கள் ஏற்கெனவே காணாமல் போய்விட்டிருந்தன. சின்னத்தை முகத்தில் பயம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. நான்தான் பயந்தேன். நான் போகவேண்டும் என்று தோன்றியது; போகவில்லை. எங்கள் ஊர் ஏரியில் நான் நீச்சல் கற்றுக்கொள்ளத் தண்ணீர் இருந்ததில்லை.

அத்தை துணிப்பையை என் கையில் திணித்தார். “புடிங்க மாப்ள.” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். வாய்க்காலில் இறங்கினார்.

முதலில் முட்டி. பிறகு தொடை. நடுவில் இடுப்புக்கு வந்தது. கடலைப் பார்த்தே ஒரு மணி நேரம் ஆகாத மனுஷி. ஓட்டம் அவரைப் பக்கவாட்டில் தள்ளியது. சாய்ந்தார், கையை விரித்து நிமிர்ந்தார். வாய்க்காலின் நடுவில் ஒரு நொடி நிற்பார் என்று நான் எதிர்பார்த்தேன், அத்தனை வருஷம் பார்த்த பழக்கம். நடு வந்ததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. நேராகப் போய் அந்தத் திட்டில் ஏறி, தங்கையின் அக்குளில் கைகொடுத்து, காலை மணலிலிருந்து பிடுங்கி எடுத்தார்.

அப்போது அத்தை ஏதோ சொன்னார். வாய் அசைந்தது தெரிந்தது, காற்றில் கேட்கவில்லை. சின்ன வாக்கியம்தான். சின்னத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். நான் இங்கே நின்று அதைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில், குப்பத்துக் கரையைப் பார்த்து நடந்தார்கள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

முழங்கால் வரை தண்ணீர் ஏறிய பிறகு படகுக்காரர் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். துணிப்பையைத் தலைக்கு மேலே பிடித்தபடி நின்றிருந்தேன். பயத்தில் பாதிக் கடலையைத் தின்றிருந்தேன். “இன்னா சார், துணியோட குளிக்கறீங்க?” என்றார் அவர். செருப்புகள் இரண்டு ஜோடியும் போயே போய்விட்டன.

அன்றைக்கு நான் மட்டும்தான் திருத்தணிக்குத் திரும்பினேன். அத்தை குப்பத்திலேயே தங்கிவிட்டார், தங்கை கப்பலேறுகிற நாள் வரைக்கும். துறைமுகத்துக்கும் போனார், உள்ளே விடுகிற கடைசி இடம் வரைக்கும். ஊர் திரும்பிய பிறகு மற்றபடி அவர் மாறிவிடவில்லை. குழம்பு நடுத்தெருவில்தான் கை மாறியது. மலையில் மண்டபத்தோடு சரி. திருந்திவிட்டார் என்று எழுதினால் எனக்கு நன்றாக இருக்கும், ஆனால் அவர் கேட்டால் கோபித்துக்கொள்வார்.

தண்ணீருக்குள் என்ன சொன்னீர்கள் என்று பலதரம் கேட்டேன். “உங்களுக்கு எதுக்கு மாப்ள,” என்பதோடு முடித்துவிடுவார். எனக்கோ அதுவே நினைப்பு. மன்னிச்சிடு என்றிருப்பாரா? அம்மாவைப் பற்றி ஏதாவது? அத்தனை வருஷத்தையும் சேர்த்து ஒரு வாக்கியத்தில் எப்படிச் சொல்லியிருப்பார் என்று கடையில் சும்மா இருக்கிற நேரத்தில் நானே விதவிதமாக எழுதிப் பார்ப்பேன். சில நன்றாகவே வந்தன.

அடுத்த மழைக்காலத்தில் அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார். சின்னத்தையால் வர முடியவில்லை. எல்லாம் முடிந்து சில நாள் கழித்து அந்தமானிலிருந்து போன் வந்தது. என் மனைவியோடு நெடுநேரம் பேசி அழுதார். பிறகு போன் என் கைக்கு வந்தது. கேட்கக்கூடாத நேரம் என்று தெரிந்தும் கேட்டேன்.

“சின்னத்தை, அன்னிக்குத் தண்ணியில உங்கள வந்து புடிச்சதும் அத்தை இன்னா சொன்னாங்க?”

சின்னத்தை மூக்கைச் சிந்துவது கேட்டது.

“‘பொடவயத் தூக்கிப் புடிடீ, நனையுது’ன்னா.”